கரைக்குருவியின் ஒன்பது கற்கள்

அந்தக் காலத்தில், பறப்பதற்கும் ஊர்வதற்கும் நீந்துவதற்கும் ஒரே பேச்சு இருந்தபோது, பொருநை ஆற்றின் நடுவே ஒரு பாறை கிடந்தது. நீளம் அதிகம், அகலம் குறைவு. அதனால் நெடும்பாறை என்று பெயர். அந்தப் பாறையிலும் அதற்கு எதிரே இருந்த கரைப் பொந்துகளிலும் கரைக்குருவிகள் குடியிருந்தன. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, கண்ணுக்கு மேலே ஒரு வெள்ளைப் புருவம், பின்னால் நீண்ட வால். இன்றைக்கு நாம் அவற்றை வேறு பெயர் சொல்லி அழைக்கிறோம். அன்றைக்கு அந்தப் பெயருக்கு உண்டான காரணம் பிறந்திருக்கவில்லை. அவை வாலைக் குச்சிபோல நேராக வைத்திருந்தன. ஆட்டத் தெரியாது.

ஆனி மாதம் பத்தாம் நாள் காலையில், குஞ்சுகளையும் சேர்த்து, அங்கே இருந்தவர்கள் அறுபத்து நான்கு பேர். இந்த எண்ணில் சந்தேகம் இல்லை. எண்ணியது வெண்ணி.

கரைக்குருவிகளுக்குள் எப்போதும் ஒருவர் எண்ணுகிறவராக இருப்பார். வெண்ணிக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். வெண்ணி மூன்றாவது. கூட்டத்தில் வாய் திறக்க மாட்டாள். யாராவது நேராகப் பார்த்தால் பாறையின் அந்தப் பக்கம் நடந்து போய்விடுவாள். ஆனால் ஒருமுறை எண்ணியதை இரண்டாம் முறை எண்ணி, இரண்டும் ஒத்துவராவிட்டால் மூன்றாம் முறையும் எண்ணாமல் அவளுக்குத் தூக்கம் வராது.

எண்ணுகிறவர் எதற்கு என்றால், அது அவர்களுடைய சாவு முறைக்கு. ஒருவர் இறந்தால் பாறையில் உள்ள அத்தனை பேரும் வாலைத் தாழ்த்தி, கல்லில் படும்படி வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் பாட்டு கிடையாது. பறந்து பூச்சி பிடிப்பது கிடையாது. காலடிக்கு வந்ததைத் தின்னலாம், தேடிப் போகக்கூடாது. இறந்தவர் ஆற்றைக் கடந்து அக்கரை போகிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. இறகை உடம்போடு விட்டுவிட்டுப் போவதால் அவர் நடந்துதான் போக வேண்டும். இருப்பவர்கள் வால் தாழ்த்தியிருக்கும் ஒவ்வொரு நாளும் அவர் முன்னால் ஒரு கல்லாக விழும். ஒன்பது கல் மிதித்தால் அக்கரை. இடையில் ஒருவர் வாலைத் தூக்கினாலும் அடுத்த கல் விழாது. போனவர் நடு ஆற்றில் நின்றுவிடுவார்.

ஒருவருடைய கல்லில் இன்னொருவர் நடக்க முடியாது. இரண்டு பேர் இறந்தால் பதினெட்டு நாள்.

ஒருவர் இறந்ததும் வெண்ணி ஒன்பது வெள்ளைக் கூழாங்கல்லைப் பொறுக்கி வந்து பாறைக் குழியில் போடுவாள். விடியும்போது ஒரு கல்லை எடுத்து ஓடுகிற தண்ணீரில் விடுவாள். குழி காலியானால் வால் நிமிரும். ஆண்டுக்கு இரண்டு சாவு, மிஞ்சினால் மூன்று. அதற்கு இந்த முறை சரியாகத்தான் இருந்தது. ஒன்பது நாள் தலை கவிழ்ந்து கிடந்து எழுந்தால் மனம் கொஞ்சம் கழுவினதுபோல இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள்.

அந்தப் பத்தாம் நாள் மத்தியானம் மலையில் பெய்த மழை, சாயங்காலம் ஆற்றில் சுவராக வந்தது. கரைப் பொந்துகளுக்குள் தண்ணீர் ஏறியது. மறுநாள் விடிந்ததும் வெண்ணி எண்ணினாள். நாற்பத்தொன்று. மறுபடி எண்ணினாள். மூன்றாவது முறையும் எண்ணினாள். நாற்பத்தொன்றேதான்.

போன இருபத்து மூன்று பேரில் அவளுடைய துணை நெடுவாலன் ஒருவன். நான்கு குஞ்சுகளில் மூன்று. பொந்தின் வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒன்றுமட்டும் ஒரு வேரில் மாட்டிக்கொண்டு பிழைத்தது. பொரித்துப் பன்னிரண்டு நாள் ஆன அந்தக் குஞ்சின் பெயர் குறுணி.

வெண்ணி அழவில்லை. கல் பொறுக்கினாள். இருபத்து மூன்று ஒன்பது, இருநூற்று ஏழு. குழி நிரம்பி வழிந்தது. இரண்டாவது குழி, மூன்றாவது குழி என்று போட்டாள். பாறையின் மூத்தவர் கருத்தையா அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி, இரண்டு மகள்கள், மூவரும் அந்தக் கற்களில் இருந்தார்கள்.

“எத்தனை, ஏட்டி?”

“இருநூத்தி ஏழு, அண்ணாச்சி.”

“இருக்கட்டும். இருந்து அனுப்பி வைப்போம்.”

நாற்பத்தொரு வாலும் கல்லில் படிந்தன.

வால் கல்லில் கிடந்தால் உடம்பு முழுக்க அதற்கு ஏற்றாற்போல மாறிவிடும். முதுகு வளையும். கழுத்து உள்ளே போகும். கண் காலடியைத்தான் பார்க்கும். முதல் நாட்களில் துக்கம் பெரிதாக இருந்தது, வால் அதற்குத் தக்கபடி தாழ்ந்திருந்தது. பத்து நாள் கழித்து எது எதைத் தாழ்த்துகிறது என்று சொல்ல முடியவில்லை. பக்கத்தில் பூச்சி வந்தால்கூட அது பூச்சிதானா என்று யோசித்துவிட்டுத்தான் அலகு திறந்தது. அதற்குள் பூச்சி போயிருக்கும்.

இருபதாம் நாள் இரண்டு பேர் இறந்தார்கள். வெள்ளம் இல்லை, பருந்து இல்லை. உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார்கள். வெண்ணி பதினெட்டுக் கல் போட்டாள். முப்பத்து மூன்றாம் நாள் மூன்று பேர். இருபத்தேழு கல்.

அன்றைக்கு அவள் எல்லாக் குழிகளையும் எண்ணிப் பார்த்தாள். இருநூற்றுப் பத்தொன்பது. முதல் நாளைவிடப் பன்னிரண்டு அதிகம். முப்பத்து மூன்று விடியற்காலம் முப்பத்து மூன்று கல்லை எடுத்துத் தண்ணீரில் விட்டிருக்கிறாள். அப்படியும் கூடியிருக்கிறது.

அவளாகப் போய்ப் பேசியது அதுவே முதல்முறை.

“அண்ணாச்சி, கல்லு குறையல.”

கருத்தையா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “தப்பா எண்ணிருப்பே.”

“மூணு தரம் எண்ணினேன்.”

“அப்பம் குறையாது. குறையாட்டா நாம என்ன செய்ய? வாலைத் தூக்கிட்டுப் பாடச் சொல்லுதியா? என் வீட்டுக்காரி மூணாவது கல்லுலயோ நாலாவது கல்லுலயோ நிக்கா. அவளைத் தண்ணிக்குள்ள தள்ளச் சொல்லுதியா?”

வெண்ணியின் தம்பி மனைவி சிட்டம்மை அந்தப் பக்கம் இருந்து சொன்னாள்: “எண்ணுகதோட நிறுத்திக்கோ மயினி. கல்லைப் பொறுக்குதவ கல்லைப் பொறுக்கணும். நியாயம் பொறுக்க வேற ஆளு இருக்கு.”

சிட்டம்மையின் நாக்கு எப்போதும் அப்படித்தான். ஆனால் அவளும் தன் கணவனை அனுப்பிக்கொண்டிருந்தாள். அவளிடமும் ஒரு குஞ்சு மிச்சம் இருந்தது. மணியன் என்று பெயர். மணியனும் குறுணியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். விளையாட மாட்டார்கள். விளையாட்டு என்று ஒன்று உண்டு என்பதை அவர்கள் பார்த்ததே இல்லை.

அதுதான் வெண்ணியை உறுத்தியது. மற்றவர்கள் நிமிர்ந்த வாலோடு வாழ்ந்துவிட்டுத் தாழ்த்தினவர்கள். குறுணி கண் தெளிந்து பார்த்த நாளிலிருந்து பார்த்ததெல்லாம் கல்லில் கிடக்கும் வால். கரைக்குருவிக் குஞ்சுக்குச் சொல்லிக்கொடுப்பது கிடையாது. தாய் செய்வதைப் பார்த்து அது செய்யும். தாயின் வால் எங்கே கிடந்ததோ அங்கேயே குறுணியின் வாலும் கிடந்தது. இந்நேரம் அவள் தானாகப் பறந்து பூச்சி பிடித்திருக்க வேண்டும். வாயைக்கூடத் திறப்பதில்லை. வெள்ளத்துக்கு முன்னால் ஒரு நாளைக்கு நாற்பது வாய் வாங்கிக்கொண்டிருந்த குஞ்சு. அது பதினொன்று ஆனது. ஆறு ஆனது. முப்பத்து மூன்றாம் நாள் நான்கு.

முப்பத்து நாலாம் நாள் விடியற்காலம் வெண்ணி வழக்கம்போல ஒரு கல்லை அலகில் கவ்விக்கொண்டு புறப்பட்டாள். வெள்ளம் கொண்டுவந்த மணல் பாறையின் பக்கமெல்லாம் ஏறிவிட்டதால் ஓடுகிற தண்ணீர் தள்ளிப் போயிருந்தது. தண்ணீரின் ஓரத்தில் வட்டமாக ஒரு கல் புதிதாகத் தெரிந்தது. அதில் ஏறி நின்று, குனிந்து, கூழாங்கல்லை விட்டாள்.

நின்ற கல் நகர்ந்தது.

வழுக்கியது. விழாமல் இருக்க வேண்டுமே! அவளுக்குத் தெரியாமலே வால் மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே போனது. தண்ணீருக்கு மேலே ஒரு ஈசல் பறந்தது. அலகு அதைப் பிடித்துவிட்டது. விழுங்கியும் ஆகிவிட்டது.

“எறங்குதியா, இல்ல மூட்டை கட்டிட்டு வந்து குடியிருக்கப் போறியா?” என்றது கல்.

கல் இல்லை, ஆமை. பொருநை ஆற்றில் அதற்கு மூத்தது யாரும் இல்லை என்பதால் எல்லோருக்கும் அது பாட்டா.

வெண்ணி நடுங்கிப்போய்ப் பக்கத்து மணலில் இறங்கி வாலைத் தாழ்த்தினாள். “பாட்டா, கல்லுன்னு நெனைச்சு ஏறிட்டேன்.”

“நெனைப்பே. எல்லாரும் அப்படித்தான் நெனைக்காவ. அது கிடக்கட்டும். சாவு வீட்டுக்காரி என் முதுகுல நின்னு வாலை ஆட்டுதியே, உங்க வழக்கம் மாறிட்டா?”

“நான் ஆட்டல. நீங்கதான் அசைஞ்சிய.”

“நான் ஒரு தரம் அசைஞ்சேன். நீ ஏழு தரம் ஆட்டினே.”

வெண்ணிக்கு அப்போதுதான் உறைத்தது. தன் வாழ்நாளில் முதல்முறையாக நடந்த ஒன்றை அவள் எண்ணவில்லை. வேறொருவர் எண்ணியிருக்கிறார்.

“யாருட்டயும் சொல்லிராதீங்க பாட்டா.”

“நான் சொல்லி முடிக்கதுக்குள்ள உன் பேரப்பிள்ளைக்குப் பேரப்பிள்ளை பிறந்திருக்கும். போ.”

அன்று முழுதும் அவளுக்கு வெட்கமாக இருந்தது. நெடுவாலன் நடு ஆற்றில் நின்று தன்னைத் திரும்பிப் பார்ப்பதுபோல இருந்தது. அதோடு இன்னொன்றும் இருந்தது. அதை என்னவென்று சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. வழுக்கிய அந்த நேரத்தில் அவள் ஆற்றைப் பார்த்தாள். முப்பத்து நான்கு நாளாக அந்த ஆற்றின் நடுவில் இருக்கிறாள், அன்றைக்குத்தான் பார்த்தாள். அக்கரையில் மருதமரம் பூத்திருந்தது.

ஒருமுறை நடந்ததை வெண்ணி நம்புகிறவள் இல்லை. மறுநாள் கல்லை விட்டபின் நாணல் மறைவுக்குப் போனாள். வாலைத் தாழ்த்தி, நூறு எண்ணும்வரை நின்றாள். நெஞ்சு எப்படி இருக்கிறது, கண் எதைப் பார்க்கிறது என்று கவனித்தாள். பிறகு வாலைத் தூக்கினாள். ஆட்ட மனம் வரவில்லை. மனம் எதற்கும் வரவில்லை. மனத்தைக் கேட்காமல், யாரோ ஒருத்தியின் வாலை ஆட்டுவதுபோல, ஆட்டினாள். நூறு எண்ணினாள். மறுபடி தாழ்த்தினாள். மறுபடி தூக்கினாள். இப்படி மூன்று முறை.

மூன்று முறையும் ஒத்துவந்தது. துக்கம் போகவில்லை. நெடுவாலனும் மூன்று குஞ்சுகளும் அப்படியே இருந்தார்கள். ஒரு குன்றிமணி எடைகூடக் குறையவில்லை. ஆனால் வால் தாழ்ந்திருந்தபோது அந்தத் துக்கம் அவள் முதுகின்மேல் உட்கார்ந்திருந்தது. வால் ஆடியபோது இறங்கிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு சேர்ந்து ஆற்றைப் பார்க்க முடிகிறது. பசி எடுக்கிறது.

அதை யாரிடமும் சொல்லவில்லை. எண்ணுகிறவளே முறையை மீறினாள் என்று தெரிந்தால், இதுவரை போட்ட கல் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். இரண்டு ஈசலைப் பிடித்துக்கொண்டு போய்க் குறுணியின் முன்னால் வைத்தாள். குறுணி அதைப் பார்த்தாள். தாயின் கல்லில் கிடக்கும் வாலைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஈசல் ஊர்ந்து போய்விட்டது.

முப்பத்து ஆறாம் நாள் மத்தியானம் மணியன் சாய்ந்தான்.

சிட்டம்மையின் நாக்கில் அன்றைக்குக் கூர்மை இல்லை. வெண்ணி ஒன்பது கல் பொறுக்கப் போனபோது பின்னாலேயே நடந்து வந்தாள். “நல்ல வெள்ளைக் கல்லா எடு மயினி. சின்னப்பிள்ள காலு,” என்று மட்டும் சொன்னாள்.

அன்று குறுணி வாங்கியது ஒரு வாய்.

முப்பத்து ஏழாம் நாள் விடிந்தது. வெண்ணி மணியனுக்கென்று பொறுக்கியதில் ஒரு கல்லைக் கொண்டுபோய் ஆற்றில் விட்டுவிட்டு வந்தாள். குழிகளில் மீதி இருநூற்று இருபத்து நான்கு. பாறையில் முப்பத்தைந்து பேர், முப்பத்தைந்து வால் தரையில். குறுணி தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மணியன் உட்காரும் இடம் காலியாக இருந்தது. அவள் அந்தப் பக்கமாகவே சாய்ந்துகொண்டிருந்தாள்.

வெண்ணி மகளுக்கு நேர் எதிரே போய் நின்றாள். அது பாறையின் நடு இடம். எல்லோரும் பார்க்கிற இடம். அந்தப் பக்கம் நடந்து போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள்.

வாலைத் தூக்கினாள்.

பாறையில் ஒரு மூச்சு உள்ளே போயிற்று. வெண்ணி வாலைக் கல்லில் படும்படி இறக்கினாள். தூக்கினாள். இறக்கினாள். தூக்கினாள்.

“ஏட்டி!” கருத்தையாவின் குரல் அப்படி உயர்ந்து யாரும் கேட்டதில்லை. “வாலை இறக்கு!”

“இறக்குதேன் அண்ணாச்சி. பாருங்க, கல்லுல படுது.” மறுபடி தூக்கினாள்.

“உனக்குப் பித்து பிடிச்சிட்டா? உன் வீட்டுக்காரன் நடு ஆத்துல நிக்கான்.”

“நிக்கட்டும். நானும் இங்க நிக்கேன்.” வெண்ணியின் குரல் மெலிந்திருந்தது. ஆனால் நிற்கவில்லை, வாலும் நிற்கவில்லை. “அண்ணாச்சி, எனக்குப் பேசத் தெரியாது. எண்ணத்தான் தெரியும். ஆறு கொண்டுபோனது இருபத்து மூணு பேரை. மீதி ஆறு பேரை ஆறு கொண்டுபோகல. நாம கொண்டுபோனோம். இன்னும் முப்பத்தஞ்சு பேர் இருக்கோம். இப்படியே இருந்தா, கடைசி ஆளு சாயும்போது இந்தக் குழியில கல்லு நிறைய இருக்கும். அதை எடுத்து ஆத்துல போட யாரு இருப்பா? அப்பம் எல்லாருந்தான் நடு ஆத்துல நிப்பாவ.”



கருத்தையா மெதுவாகச் சொன்னார்: “மனசுல இல்லாததை வால்ல காட்டுதது பொய், வெண்ணி. உன் மனசு ஆடுதா? சொல்லு.”

“இல்ல.”

“பின்னே?”

“தாழ்த்தி வச்சமே, அன்னைக்கு மனசைக் கேட்டா தாழ்த்தினோம்? வால் முதல்ல போச்சு. மனசு அது பின்னால எறங்கிப் போச்சு. போன வழியிலேயே போய்க் கூட்டிட்டு வரலாம்னு பாக்கேன். எறக்கும்போது ஒரு கல்லு போனவுகளுக்கு. தூக்கும்போது இருக்கவளுக்கு. இந்தா இருக்காளே, இவளுக்கு.”

குறுணி கண் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தாயின் வால் போகும் இடத்துக்கெல்லாம் அவள் கண்ணும் போய் வந்தது. மேலே, கீழே, மேலே. பதினெட்டாவது முறையோ பத்தொன்பதாவது முறையோ, அவளுடைய சின்ன வால் கல்லைவிட்டு ஒரு நெல்மணி உயரம் எழுந்தது. உடனே விழுந்தது. மறுபடி எழுந்தது. அந்த வேகத்தில் அவள் முன்பக்கமாகக் கவிழ்ந்து அலகைக் கல்லில் இடித்துக்கொண்டாள். நிமிர்ந்தாள். தன் பின்னால் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு மறுபடி ஆட்டினாள்.

ஆட்ட ஆட்டக் கழுத்து நீண்டது. முதுகு நிமிர்ந்தது. வாய் திறந்தது. உள்ளே சிவந்த வாய்.

“க்கீ,” என்றாள்.

முப்பத்தேழு நாளாக அந்தப் பாறையில் ஒரு குஞ்சு வாய்விட்டுக் கேட்டதில்லை. வெண்ணி ஈசல் தேடித் திரும்புவதற்குள் பக்கத்தில் ஏதோ ஒன்று விருட்டென்று மேலே போயிற்று. சிட்டம்மை. காற்றில் ஒரு பூச்சியைப் பிடித்து, இறங்கி, குறுணியின் வாயில் திணித்துவிட்டு நின்றாள். நின்ற பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது அவளுக்குத் தெரிந்தது. அவளுடைய வால் மேலே இருந்தது. தாழ்த்துவதா, வைத்திருப்பதா என்று தெரியாமல் நடுங்கிக்கொண்டிருந்தது.

“மயினி, மணியனுக்கு ஒரு கல்லுதான் விழுந்திருக்கு,” என்றாள். “நான் தூக்கிட்டேனே.”

“எறக்கு,” என்றாள் வெண்ணி. “அவனுக்கு ரெண்டாவது கல்லு.”

சிட்டம்மை இறக்கினாள். நெடுநேரம் கல்லிலேயே வைத்திருந்தாள். குறுணி மறுபடி வாய் திறந்தாள். சிட்டம்மையின் வால் மறுபடி எழுந்தது.

அன்று குறுணி வாங்கியது பதினான்கு வாய். ஒன்பது தாய் கொடுத்தது. ஐந்து அத்தை கொடுத்தது.

பாறையில் உள்ளவர்கள் ஒரே நாளில் மாறிவிடவில்லை. மறுநாள் நான்கு பேர் ஆட்டினார்கள். அதற்கு அடுத்த நாள் பதினொன்று. சிலர் யாரும் பார்க்காதபோது நாணல் மறைவில் ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். பன்னிரண்டு நாளில் கருத்தையாவின் வாலைத் தவிர எல்லா வாலும் ஆடின. அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வெண்ணி அவர் பக்கம் போகும்போது மட்டும் தன் வாலை நிறுத்திக்கொள்வாள்.

நாற்பத்து ஒன்பதாம் நாள் காலையில் அவரே வந்தார். கல்லில் வால் உரசும் சத்தம் முதலில் வந்தது.

“குழியில எத்தனை இருக்கு, ஏட்டி?”

“இருநூத்திப் பன்னெண்டு, அண்ணாச்சி.”

“கூடலையா?”

“பன்னெண்டு நாளா ஒண்ணுகூடக் கூடல.”

அவர் குழியை எட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “எனக்குத் தூக்க வரல. தனியா இருந்து நேத்து முயற்சி பண்ணினேன். காய்ஞ்ச குச்சி மாதிரி இருக்கு. கொஞ்சம் என்கூட நில்லு.”

இருவரும் தண்ணீரைப் பார்த்து நின்றார்கள். வெண்ணி தன் வாலைத் தாழ்த்தி அவர் வாலுக்குப் பக்கத்தில் வைத்தாள். அங்கிருந்து தொடங்கினாள். ஒரு விரல் உயரம். அவரும் ஒரு விரல். இறக்கம். இரண்டு விரல். இறக்கம். நான்காவது முறை அவர் முதுகு நிமிர்ந்தது. நெஞ்சு விரிந்தது. அதனுள்ளே நாற்பத்து ஒன்பது நாளாக அடைபட்டுக் கிடந்த மூச்சு தொண்டைக்கு வந்து, குரலாக வெளியே போயிற்று. அவர் பாடினார் என்றும் சொல்ல முடியாது, அழுதார் என்றும் சொல்ல முடியாது. நீளமான, தெளிவான குரல். ஆற்றின் இரண்டு கரையிலும் கேட்டது. அதில் அவர் மனைவியின் பெயர் இருந்தது. இரண்டு மகள்களின் பெயர்களும் இருந்தன.

பாடி முடித்ததும் அவர் வெட்கப்பட்டார். “அழுகைதான் வரும்னு நெனைச்சேன். பசிக்குதே ஏட்டி,” என்றார்.

ஆற்றோரத்தில் வட்டமான ஒரு கல் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டது.

ஐப்பசியில் ஆறு மறுபடி சுவராக வந்தது. இந்தத் தடவை நிமிர்ந்து நின்ற கண்கள் அதைத் தொலைவிலேயே பார்த்துவிட்டன. முப்பத்தைந்து பேரும் மருதமரத்தில் போய் உட்கார்ந்தார்கள். ஒருவரையும் ஆறு கொண்டுபோகவில்லை. மாசி முடிய இரண்டு நாள் இருக்கும்போது வெண்ணி கடைசிக் கல்லை எடுத்து ஓடுகிற தண்ணீரில் விட்டாள். குழி மூன்றும் காலி. முறைப்படி அன்றைக்கு எல்லாம் முடிந்துவிட்டது. வாலை நேராக நிறுத்திக்கொள்ளலாம்.

யாருக்கும் நிறுத்த முடியவில்லை. இறக்கியதெல்லாம் கல்லாகப் போய் விழுந்ததா, போனவர்கள் அக்கரை சேர்ந்தார்களா என்று வந்து சொன்னவர் இல்லை. ஒருவேளை ஒரு கல் குறைந்திருந்தால்? யாராவது ஒரு சின்னக் கால் கடைசிக் கல்லில் நின்றுகொண்டிருந்தால்? இறக்கி வைப்போம். இறக்கினால் தூக்கத்தானே வேண்டும்.

குறுணி அப்போது வளர்ந்திருந்தாள். தாயின் பக்கத்தில் நின்று ஆட்டிக்கொண்டே கேட்டாள்: “அம்மா, இதுவரைக்கும் எத்தனை தரம் ஆட்டியிருக்க?”

“எண்ணல,” என்றாள் வெண்ணி.

அன்று முதல்தான் அந்தக் குருவிக்கு வாலாட்டி என்று பெயர் வந்தது. ஆற்றுப் பாறையிலோ குளத்துப் படியிலோ வீட்டு மொட்டைமாடியிலோ அது வந்து உட்காரும்போது பாருங்கள். கால் ஊன்றியதும் வாலை இறக்கும். அது போனவர்களுக்கு. உடனே தூக்கும். அது இருப்பவர்களுக்கு.